தீராநிழலில் ஒரு கிழக்கு பார்த்த மனை

சபிக்கப்பட்ட நாட்டுக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னதும், அமீர்பேட்டில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாடு எப்படி?" இரண்டாவது கேள்வி, "அங்கே ஒரு கஜம் மனை என்ன விலை போகுது?" ஒருத்தராவது பேய் பிசாசைப் பற்றிக் கேட்க வேண்டுமே! ஒரு இடத்தில் பேய் இருக்கிறதா என்பது ஹைதராபாத்துக்காரர்களுக்குக் கவலையே இல்லை. பேய் இருக்கிற இடத்துக்கு அப்ரூவல் இருக்கிறதா என்பதுதான் கவலை.

சாப்பாடு சுமார். மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டு லட்சணம். நான் திருநெல்வேலிக்காரி. அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஜாவா சொல்லிக்கொடுத்து, நாளெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, மெட்ரோவிலும் பஸ்ஸிலுமாக ஏ.எஸ்.ராவ் நகர் வந்து சேர்கிறவள். எங்க வீட்டுக்காரர் சுந்தர், வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்தில் வந்து உட்கார்ந்த தமிழ்க் குடும்பம். அவருக்கு ஆமாம் என்றால் 'ஹவ்', வேண்டாம் என்றால் 'நக்கோ', எதுக்கு என்றால் 'கைக்கு'. மூன்று தலைமுறையாக வாடகை வீடு என்பது அவர் மனசில் ஆறாத புண். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு மனை வாங்கிப் போட்டுவிட்டு, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "உனக்கு எங்க சுந்தர்?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் புண்ணில் உப்பு வைப்பார்கள்.

எங்கள் ஒரே மகள் யாழினி, பதினாலு வயசு. நல்ல தமிழில் பேர் வைக்க வேண்டும் என்று ஒத்தைக்காலில் நின்று வைத்த பேர். பள்ளிக்கூடத்தில் ஒருத்தருக்கும் வாயில் நுழையாமல் 'யாலு' ஆகிவிட்டது. நான் பேசுகிற தமிழ் அவளுக்கு அட்சரம் பிசகாமல் புரியும். பதில் மட்டும் தமிழில் வராது. கோபம் என்றால் இங்கிலீஷ், கெஞ்சல் என்றால் ஹிந்தி, அப்பாவோடு சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்யும்போது தெலுங்கு. அவள் என்னிடம் சொன்ன ஒரே தமிழ் வார்த்தை 'அம்மா'. அதற்கும் தெலுங்குக்காரர்கள் பங்கு கேட்கிறார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் இவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. 'எவர்ஷேட் என்கிளேவ், இரண்டாம் கட்டம். வருஷம் முழுக்கக் குளுமை. அமைதியான அயலார். பணம் ஒரு பைசா வேண்டாம். இலவச ஏசி பஸ், மூன்று நாள், குடும்பத்தோடு.' கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் கேஸ் போடுவதுதான் பொழுதுபோக்கு. எந்த இடம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது: தீராநிழல் நாடு.

"ஏங்க, இது சூரியனே உதிக்காத சபிச்ச நாடுல்லா?" என்றேன்.

"ஹவ். அதான் ஏசி செலவு மிச்சம்" என்றார் இவர்.

எங்கள் ஊர்ப் பக்கம் லீவு விட்டால் குற்றாலம் போவோம். இங்கே சைட் பார்க்கப் போவார்கள். யாரோ ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி பஸ் விடும். பிள்ளை குட்டியோடு ஏறி, பொட்டல் காட்டில் கல் நட்ட இடத்தைப் பார்த்து, கம்பெனி போடுகிற பிரியாணியைத் தின்றுவிட்டுத் திரும்புவது ஒரு பிக்னிக். வாங்குகிறவர்கள் கொஞ்சம், பிரியாணிக்கு வருகிறவர்கள் நிறைய. நாங்கள் பிரியாணி கோஷ்டி என்று நினைத்துத்தான் நானும் ஏறினேன்.

எப்படிப் போனோம் என்று கேட்காதீர்கள். அவுட்டர் ரிங் ரோடு தாண்டினதும் எனக்குக் கண் சொக்கிவிட்டது. முழித்தபோது வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது, ஓரத்து மரங்களில் இலைக்குப் பதில் கை தொங்கிக்கொண்டிருந்தது. நுழைவாயில் ஒரு பெரிய மண்டை ஓடு. அதன் மேல் 'நல்வரவு' என்று பேனர் கட்டி, பல் இடுக்கில் பலூன் சொருகியிருந்தார்கள். காவலுக்குத் தலையில்லாத ஒரு குதிரைக்காரர். ஆதாரில் இருக்கிற போட்டோவை எதை வைத்து முகத்தோடு ஒப்பிட்டார் என்று தெரியவில்லை, ஆனால் எங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேனைவிடச் சீக்கிரம் உள்ளே விட்டார்.

உள்ளே போய்க் கொஞ்ச தூரம்கூட இல்லை, பஸ் சாம்பல் சகதியில் இறங்கிவிட்டது. டிரைவர் யாதய்யா கியரைப் போட்டு முறுக்க முறுக்க, மண்ணுக்குள்ளிருந்து எலும்புக் கைகள் வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டன. யாதய்யா ஜன்னலில் தலையை விட்டு, "கையை எடுங்கய்யா, டயர் ஏறிச்சுன்னா அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது!" என்று தெலுங்கில் கத்தினார். பஸ்ஸே போனைத் தூக்கி வீடியோ எடுத்தது. எனக்கு முன் சீட்டில் இருந்த மூர்த்தி காரு (நம்ம 'சார்' மாதிரி தெலுங்கில் 'காரு') மட்டும் எழுந்து, மண்ணை எட்டிப் பார்த்து, "லூஸ் சாயில். அஸ்திவாரம் ஆழமாகப் போட வேண்டும்" என்றார்.

மூர்த்தி காரு காஞ்சன்பாக் பக்கம் பாதுகாப்பு ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்ற விஞ்ஞானி. கழுத்தில் கயிறு கட்டித் திசைகாட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். வாஸ்து பார்க்க. தீராநிழலில் திசைகாட்டி முள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தனை எலும்புக் கைக்கும் அசராத மனுஷன், அந்த முள்ளைப் பார்த்துத்தான் முதன்முதலாக வேர்த்துப் போனார்.

கடைசியில் அந்தக் கைகளே பஸ்ஸைத் தள்ளிவிட்டன. அங்கே வண்டி எதுவும் நின்றால் அவற்றுக்குத் தூக்கம் கெடுமாம்.

விருந்தினர் விடுதியில் எங்களுக்குச் சாப்பாடு பரிமாறியது கார்த்தி என்ற கோயமுத்தூர்ப் பையன். பையன் என்றால் முப்பது வயசு இருக்கும். அமீர்பேட் ஹாஸ்டலில் ஒரு காலத்தில் இருந்தவன், முதல் கட்டத்தில் மனை வாங்கி வீடு கட்டி, அங்கிருந்தபடியே ஏதோ அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். புது ஆட்கள் வந்தால் தமிழ் பேசக் கிடைக்குமா என்று விடுதிக்கு வந்து எடுபிடி வேலை செய்வானாம். "நெட் நல்லா வருதுங்க்கா. கரண்டு போறதே இல்லீங்க, சாபத்துலயே ஓடுது" என்றான்.

பிரியாணி கறுப்பாக இருந்தது. அந்த நாட்டுத் தண்ணீரில் எதைப் போட்டாலும் கறுக்குமாம், ருசி பரவாயில்லை. தயிர்தான் பாலாக நின்றது. உறைவதே இல்லை, அதுவும் சாபம் என்றான் கார்த்தி. டிசம்பர் மாசம் எங்கள் வீட்டிலும் இதே சாபம்தான் என்றேன். யாழினி பக்கென்று சிரித்தாள். கார்த்தியும் வாயைத் திறந்தான். வாய் கோணியது, தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. அதே நேரம் விடுதிக்குப் பின்னால் இருந்து ஒரு ஆம்பிளைச் சிரிப்பு பெரிதாகக் கேட்டது.

"யாருப்பா அது?"

"என் சிரிப்புங்க்கா. பின்னாடி கெணத்துல இருக்குது."

அப்போதுதான் கஜக் கணக்கு எனக்கு விளங்கியது. தீராநிழலில் மனைக்குப் பணம் வாங்க மாட்டார்கள். நம்மிடம் சும்மா கிடக்கிற ஒன்றைக் கொடுக்க வேண்டும். ட்ரெட்மில், தோசைக்கல் எல்லாம் செல்லாது. உள்ளே இருக்கிற சரக்காக இருக்க வேண்டும். கொடுத்ததை அந்த மண் எடுத்து வைத்துக்கொண்டு தனக்குப் புழங்கிக்கொள்ளும். "எனக்கு அப்ப சிரிக்கற மாதிரி ஒண்ணும் நடக்கலீங்க. வேலை, ஹாஸ்டல், வேலை, ஹாஸ்டல். சும்மாதானே கெடக்குதுன்னு குடுத்துப் போட்டேன்" என்றான். சொல்லிவிட்டு என் இலையில் இன்னும் கொஞ்சம் கறுப்புச் சோறு வைத்தான்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் ப்ரோஷரில் கார்னர் மனைகளுக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சைட். ஏஜெண்ட் வம்சி, வெள்ளைச் சட்டை, விரலுக்கு ஒரு மோதிரம், வாயைத் திறந்தால் தேன். "பாருங்க மேடம், எல்லைக்கல் எல்லாம் ஏற்கெனவே நட்டிருக்கு" என்று காட்டினான். பார்த்தால் அத்தனையும் நடுகல்லும் சமாதிக் கல்லும். கறுப்பு ஆறு ஒன்று மேலே இருந்து கீழே ஓடாமல் கீழே இருந்து மேலே ஓடியது. 'ரிவர் வியூ' என்றான். தூக்கு மாட்டின மரத்தடியில் 'குழந்தைகள் பூங்கா வரும் இடம்' என்று பலகை. எங்கள் கூட்டம் இதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே குரலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஈஸ்ட் பேசிங் இருக்கா?"

சூரியனே வராத நாட்டில் கிழக்கு எது? இதைக் கேட்க நான் வாயெடுத்தேன். மூர்த்தி காரு முந்திக்கொண்டார். அவர் அன்றைக்குக் காலையில்தான் தன்னுடைய சந்தேகத்தைக் கொடுத்து ஒரு மனையை முடித்திருந்தார். ரிட்டயர் ஆன பிறகு அவர் அதைப் பயன்படுத்துவதே இல்லையாம், வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் அப்படியே நம்பி அப்படியே அனுப்புகிறாராம். முள் சுற்றிக்கொண்டே இருக்க, அவர் முகத்தில் வேர்வையே இல்லை. "வம்சி எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறானோ அது கிழக்கு" என்று சாந்தமாகச் சொன்னார். எல்லாரும் கும்பிட்டார்கள்.

பதிவு நடக்கிற இடத்தையும் காட்டினார்கள். பதிவாளர் ஒரு பட்ட மரம். தண்டில் வாய் இருந்தது, அதில் சொற்ப வார்த்தைதான் வரும். பொருளுக்கு உரியவர் நேரில் நின்று, 'இதை நான் பயன்படுத்துவதில்லை' என்று சொல்ல வேண்டும், மரம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனிடம் பொய் எடுபடாது. குக்கட்பள்ளிக்காரர் ஒருவர் தன் கோபத்தைக் கொடுப்பதாகச் சொன்னார். "பயன்பாட்டில் உள்ளது, செல்லாது" என்றது மரம். "எவன்டா சொன்னது?" என்று அவர் மரத்தை எட்டி உதைத்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். ஒரு தம்பதி இரண்டு பேருடைய பொறுமையையும் சேர்த்துக் கொடுத்து டூப்ளெக்ஸுக்கு இடம் வாங்கினார்கள். ரொம்ப நாளாகவே தொடவில்லை, புத்தம் புதுசாக இருந்தது என்று மரமே பாராட்டியது.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவரைக் காணோம் என்பதைக் கவனிக்காமல் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வம்சியோடு கைகோர்த்தபடி வந்தார். முகமெல்லாம் பல். "கார்னர் பிட். ஈஸ்ட் பேசிங். இன்னொரு பார்ட்டி வெயிட் பண்றான்னாங்க. பிளாக் பண்ணி வெச்சிருக்கேன்" என்றார். சும்மா வாய் வார்த்தையாகச் சொல்லி வைத்திருக்கிறார் என்று நினைத்து, "ஊருக்குப் போய்ப் பேசிக்கிடுவோம்" என்றேன்.

மூன்றாம் நாள் காலை. காலை என்று மணியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், வெளிச்சம் அதேதான். உப்புமா வந்திருந்தது. சாபத்துக்கும் உப்புமாவுக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. யாழினி போர்வைக்குள் கிடந்தாள்.

"ஏட்டி, எந்திரி. நேரமாச்சு. சாப்பிட வா."

போர்வையை விலக்கிப் பார்த்தாள். "வாட்?"

"சாப்பிட வாட்டி. கிண்டலா பண்ணுத? காலங்காத்தால என் வாயைக் கிளறாத, சொல்லிட்டேன்."

அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "அம்மா, லாஸ்ட்ல சொன்னது புரியுது. வாயைக் கிளறாதேன்னு. முதல்ல என்ன சொன்ன? அது என்ன லாங்வேஜ்?" என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் கேட்டாள். அவள் கண்ணில் விளையாட்டு இல்லை. கொஞ்சம் பயம் இருந்தது.

நான் இவரைப் பார்த்தேன். இவர் உப்புமாவைப் பார்த்தார்.

"என்னத்தப் பண்ணி வச்சிருக்கிய?"

பூசி மெழுகிப் பார்த்தார், என்னிடம் நடக்கவில்லை. கடைசியில் வாயைத் திறந்தார். மனையை நிறுத்தி வைக்க டோக்கன் அட்வான்ஸ் கேட்டிருக்கிறார்கள். ஹைதராபாத்தில் பிறந்தவர் இல்லையா, டோக்கன் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். பிள்ளை மைனர் என்பதால் டோக்கனுக்கு அப்பா கைகொடுத்தால் போதும் என்று வம்சி சொல்லியிருக்கிறான். கொடுத்துவிட்டார். அவள் தமிழில் மேலாக இருந்ததை ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டார்கள். மேலாக இருந்தது எது? நான் தினமும் புழங்குகிறதுதான். எந்திரி, சாப்பிடு, வா, பாத்துப் போ. மீதி அவ்வளவும் மத்தியானம் பதிவில் போகும்.

"அவ பேசறதே இல்லியே" என்றார். "சும்மாதானே கெடக்கு. என்னோடது ஏதாவது குடுக்கலாம்னு நானும் தேடினேன், எல்லாமே யூஸ்ல இருக்கு."

"உங்க மூளையைக் குடுத்துருக்கலாம்லா? பேக்கிங் பிரிக்காமத்தான கெடக்கு!"

"கைக்கு இவ்ளோ டென்ஷன்? நக்கோம்மா. எங்க தாத்தா காலத்துலேருந்து தமிழ் கரைஞ்சிட்டேதான் வருது. இவளோட பசங்களுக்கு எப்படியும் இருக்காது. மனைன்னா நிக்கும். அவளுக்குத்தானே சேரும்?"

அவர் அதை உண்மையாகவே நம்பிச் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடிக்கவும் முடியாது, அழவும் முடியாது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

பின்பக்கம் கிணற்றடியில் கார்த்தி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தயங்கினான். "அக்கா, கெணத்துல புதுசா ஒரு சத்தம் கேக்குதுங்க. உங்க பாப்பா கொரலாட்டம் இருக்குது. நீங்க கேக்காம இருக்கறது நல்லதுங்க."

கேட்காமல் இருப்பேனா? குனிந்தேன். உள்ளே தண்ணீர் இல்லை, இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து என் மகள் பேசினாள். "அம்மா, சாப்பிட்டியா? எந்திரிம்மா, நேரமாச்சு. வா. பாத்துப் போம்மா." யாழினியின் குரல். ஆனால் திருநெல்வேலி இழுவை. நான் இழுக்கிற அதே இழுவை. பதினாலு வருஷம் இதைக் கேட்க மாட்டோமா என்று நான் ஏங்கின ஏக்கம் எனக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் அம்மாவோடு சளசளவென்று பேசுவதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். அந்த வெட்கங்கெட்ட நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது, இன்னும் கொஞ்சம் பேசாதா என்பதுதான். மத்தியானத்துக்குப் பிறகு முழுசாகப் பேசும் என்றும் தோன்றியது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நானும் மொதல்ல இப்பிடித்தானுங்க தெனமும் வந்து உக்காந்தேன்" என்றான் கார்த்தி. "கேக்க நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா நாம பேசறதுக்கு அது பதில் சொல்லாதுங்க்கா. அதும்பாட்டுக்குச் சிரிக்கும்."

"யாழினி" என்று கிணற்றுக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். "சாப்பிட்டியா?" என்றது அது. "ஏட்டி, அம்மா பேசுதேன்" என்றேன். "பாத்துப் போ" என்றது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேராக வம்சியிடம் போனேன்.

வம்சி இனிக்க இனிக்கப் பேசினான். டோக்கன் திரும்ப வராது, கம்பெனி ரூல். மூன்றாம் கட்டத்தில் வேண்டுமானால் அட்ஜஸ்ட் செய்யலாம். பதிவை நிறுத்துவது அவன் கையில் இல்லை, அப்பா கைகொடுத்த பிறகு மரம் விசாரித்தே தீரும். எல்லாம் பிள்ளை சொல்வதில் இருக்கிறது. கூட யாரும் வாயைத் திறக்கக் கூடாது, சாடை காட்டக் கூடாது, காட்டினால் அந்தக் கணமே பதிவு ஆனதாகக் கணக்கு.

மரத்திடம் பொய் எடுபடாது. என் பிள்ளை உண்மையைச் சொன்னால் என்ன சொல்லுவாள்? நேற்றுவரை அந்த உண்மையை எல்லாரிடமும் சொல்லிப் புலம்பினது நான்தானே. "எம்மவ வாயில தமிழே வராது" என்று திருநெல்வேலிக்குப் போன் போட்டுப் போட்டுச் சொன்னேனே.

வரிசையில் எங்கள் முறை வந்தது. யாழினியை மரத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவளிடம் விவரத்தைத் தெலுங்கில் சொன்னான் வம்சி. அவள் அப்பாவைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். இவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னையும் பார்த்தாள். நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்தியிருந்தேன்.

"உன் தமிழ்" என்றது மரம். "பயன்படுத்துகிறாயா?"

"ஐ டோன்ட் ஸ்பீக் இட்" என்றாள் யாழினி.

வம்சி மிட்டாய் டப்பாவைத் திறந்தான்.

"வெயிட், ஐ'ம் நாட் டன்" என்றாள். பிறகு அவள் சொன்னது பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி. எனக்கு மனசில் நின்றதைத் தமிழில் தருகிறேன். "நான் அதைப் பேசறதில்ல. ஆனா அம்மா என்னைத் திட்டறது அதுலதான். எனக்குக் காய்ச்சல் வந்தா பக்கத்துல உக்காந்து என்னமோ முணுமுணுப்பாங்க, அதுவும் அதுலதான். பெரியம்மாகிட்ட போன்ல என்னைப் பத்திக் குறை சொல்லுவாங்க. எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. நான் அடுத்த ரூம்ல படிக்கற மாதிரி உக்காந்து எல்லாத்தையும் கேப்பேன். குறை சொல்லி முடிச்சிட்டு, கடைசில எப்பவும் ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாங்க. அது எங்கிட்ட சொன்னதே இல்ல. அதைக் கேக்கத்தான் உக்காந்திருப்பேன்." மூச்சு வாங்கினாள். "ஐ யூஸ் இட் எவ்ரி டே. ஃபார் லிஸனிங்."

மரத்தின் கிளையில் தொங்கின கையெல்லாம் அசைவது நின்றது. யாதய்யா பஸ் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார், சாப்பாட்டு நேரம் தாண்டுகிறதாம்.

"பயன்பாட்டில் உள்ளது" என்றது மரம். "செல்லாது. அடுத்தவர்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மூர்த்தி காரு பக்கத்தில் வந்து, "அழாதீங்கம்மா, மூன்றாம் கட்டத்தில் இதைவிட நல்ல மனை வருமாம், வம்சியே சொன்னான்" என்றார். வம்சி மிட்டாய் டப்பாவை மூடிக்கொண்டு அடுத்த குடும்பத்திடம் போனான். கார்னர் மனை பத்து நிமிஷத்தில் வேறொருவருக்குப் போய்விட்டது. இந்த முறை 'இன்னொரு பார்ட்டி' நிஜமாகவே இருந்திருக்கிறது.

கிளம்பும்போது கார்த்தி பஸ்வரைக்கும் வந்தான். "ஊருக்கு வாப்பா" என்றேன். "வீடு கட்டிப் போட்டேனுங்க்கா, விட்டுட்டு எங்கீங்க வர்றது?" என்றான். ஹைதராபாத்தில் சொந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் சொல்கிறதுதான்.

திரும்பும்போது இவர் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் கழித்து எழுந்து வந்து, யாழினியின் சீட்டைப் பிடித்தபடி, "ஸாரி பேட்டா" என்றார், மகளே என்று ஹிந்தியில். அவள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், கோபம் தீரவில்லை என்று அர்த்தம். நான் அவரிடம் அன்றைக்குப் பேசுவதாக இல்லை. மண்டை ஓட்டு வாசலைத் தாண்டினதும் வானத்தில் நம்ம ஊர் வெயில் அடித்தது. பஸ்ஸில் எல்லாரும் ஏசி பத்தவில்லை என்று கத்த ஆரம்பித்தார்கள்.

சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். புளிசாதம், வெள்ளையாக உறைந்த தயிர், ஒரு அப்பளம். யாழினி ஜன்னலோரம் தலையைச் சாய்த்தபடி பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள். என் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"சாப்பிட்டியாட்டி?"

திரும்பிப் பார்த்தாள். புரியவில்லை என்று அந்த முகம் சொன்னது. எதை விட்டு எதைச் சொல்ல? ஜாவாவே சொல்லிக்கொடுக்கிறவள், இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துவிட மாட்டேனா? "அதுக்கு அர்த்தம் என்னன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என் வாயைக் கையால் பொத்தினாள். "நோ, மீனிங் வேணாம்" என்றாள். 'வேணாம்' அவளுக்கே தெரியாமல் வந்து விழுந்தது. நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டேன். "ஜஸ்ட் சே இட் அகெய்ன்."

சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.